கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சூரியக் கடிகாரம்

காகிதப்பட்டறையில் என் அச்சகம் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், காகிதப்பட்டறை என்பது வேலூருக்குள் இருக்கும் ஒரு பகுதியின் பெயர். பெயரிலேயே காகிதம் இருக்கும் இடத்தில் காகிதத்தை நம்பிப் பிழைப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். வேலையில் முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகை. 'காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்ற வரியை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. புரூஃப் பார்க்க வருபவர்கள் மண்டபத்து முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போனால் பொறுத்துக்கொள்வார்கள். முகூர்த்த நேரத்தில் புள்ளி இடம் மாறினால் முகமே மாறிவிடும்.

இத்தனை வருடமாக நேரத்தை அச்சடித்தும், அந்த 6.00 யாருடைய 6.00 என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது என் தங்கை மகள்.

போன வருடம் மே மாதக் கடைசியில் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். கையில் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு தாள். அதை வெட்டி, மடித்து, ஒட்டினால் சூரியக் கடிகாரம் வரும். "மாமா, உங்ககிட்டதான் அட்டை இருக்குமே" என்றாள். கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஓரத் துண்டுகள் எப்போதும் குவிந்து கிடக்கும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் அந்தப் படத்தை அச்செடுத்து, மடிக்கும் கோடுகளுக்கு கிரீசிங் போட்டுக் கொடுத்தேன். இருவருமாக ஒட்டினோம். அடித்தளத்தில் விசிறி மாதிரி கோடுகள், நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு முக்கோணம். கடையில் விற்கும் பொருள் போல அவ்வளவு அழகாக வந்தது.

மொட்டை மாடியில் கொண்டுபோய் வடக்கு பார்த்து வைத்தோம். செல்போனில் 9 மணி 10 நிமிடம். முக்கோணத்தின் நிழல் ஏழரை மணிக் கோட்டைத்தான் தாண்டியிருந்தது.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்றால் ஒட்டியதில் பிசகு என்று விட்டிருக்கலாம். ஒன்றரை மணி நேரத்தை எப்படி விடுவது? குழந்தை என்னைப் பார்த்தாள். நான் தாளை எடுத்து மூலை மூலையாகப் பார்த்தேன். பொடி எழுத்தில் 51 டிகிரி என்று போட்டிருந்தது. அது லண்டன் இருக்கும் அட்சரேகை. வேலூர் இருப்பது கிட்டத்தட்ட 13-ல்.

அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். விஷயம் அடிப்படையில் எளிமையானது. பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்று, அதாவது மணிக்கு 15 டிகிரி. அந்தச் சுழற்சியின் அச்சுக்கு இணையாக ஒரு விளிம்பை நிறுத்தினால், அதன் நிழல் எந்த மாதத்திலும் ஒரே மணிக்கு ஒரே கோட்டில் விழும். அச்சு எங்கே பார்க்கிறது? துருவ நட்சத்திரத்தை. அந்த நட்சத்திரம் நம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் நம் அட்சரேகை. லண்டனில் பாதி வானத்துக்கு மேல் ஏறி நிற்கும். வேலூரில் வெறும் 13 டிகிரி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10 டிகிரி மறையும். அதற்குமேல் இரண்டு விரல் சேர்த்தால் எங்கள் ஊர் துருவ நட்சத்திரம். வடக்கே ஒரு மலையோ மாடி வீடோ இருந்தால் கண்ணுக்கே அகப்படாது. வடதுருவம் இப்படித் தாழ்ந்து கிடப்பதால் தென்வானம் நமக்கு நிறைய திறந்திருக்கிறது. ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1986-ல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பள்ளிக்காலத்தில் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அந்தத் தாழ்ந்த துருவம் என் மொட்டை மாடிக்கும் சம்பந்தப்பட்டது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

சரி, முக்கோணத்தை 13 டிகிரிக்கு வெட்டி, கோடுகளையும் 13-க்குக் கணக்குப் போட்டு வரைந்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். வரைந்தும் பார்த்தேன். தரையில் படுத்திருக்கும் வகையில் கோட்டின் கோணத்துக்குச் சூத்திரம் இருக்கிறது. அட்சரேகையின் சைனை, மணிக்கோணத்தின் (12 மணியிலிருந்து மணிக்கு 15 டிகிரி வீதம்) டேன்ஜென்டால் பெருக்கினால், கோட்டின் கோணத்தின் டேன்ஜென்ட் வரும். வேலூருக்குப் போட்டால் 12 மணிக் கோட்டுக்கும் 11 மணிக் கோட்டுக்கும் நடுவில் மூன்றரை டிகிரிகூட முழுதாக வரவில்லை. காலை 9 முதல் பகல் 3 வரை உள்ள ஆறு மணி நேரமும் சுமார் 25 டிகிரிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் மட்டும் 50 டிகிரி காலியாகக் கிடக்கிறது. கணக்கு சரி, படிக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் செய்யும் மாதிரிகளில் முக்கால்வாசி இந்தப் படுத்த வகைதான். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது அருமையான வடிவம். நம் பக்கத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

நமக்கு ஏற்றது வேறு ஒன்று. பலகையையே அச்சுக்கு இணையாக, வடக்கு ஓரம் 13 டிகிரி உயரும்படி சாய்த்து வைப்பது. லண்டனில் இதைச் செய்தால் பலகை 51 டிகிரிக்கு எழும்பி நிற்கும். வேலூரில் தபால் நிலையத்துச் சாய்மேசை மாதிரி லேசான சரிவுதான், காற்றுக்கும் விழாது. கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக வரும். பாகைமானிகூட வேண்டாம், ஸ்கேல் போதும்.

நான் செய்த அளவைச் சொல்கிறேன். 24 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் உள்ள ஓர் அட்டை. அகலம் கிழக்கு மேற்காக. நடுவில் வடக்கு தெற்காக ஒரு கோடு, அதுதான் 12. அந்தக் கோட்டின் மேல் 3 செ.மீ. உயரத்தில், 10 செ.மீ. நீளத்தில் ஒரு சுவர் எழுப்ப வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 0.8 செ.மீ. தள்ளி ஒரு கோடு, 1.7-ல் ஒன்று, 3-ல் ஒன்று, 5.2-ல் ஒன்று, 11.2-ல் ஒன்று. மேற்குப் பக்கம் நடுவிலிருந்து வெளியே 11, 10, 9, 8, 7. கிழக்குப் பக்கம் 1, 2, 3, 4, 5. காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால் நிழல் மேற்கே விழும், அதனால்தான் எண்கள் அப்படி. காலை 6-க்கும் மாலை 6-க்கும் கோடு கிடையாது. அந்த நேரத்தில் வெளிச்சம் பலகைக்கு இணையாக ஓடும், நிழல் எங்கோ போய்விடும். சரிவுக்கு, அடி 10 செ.மீ., வடக்கு உயரம் 2.3 செ.மீ. உள்ள செங்கோண முக்கோணங்கள் மூன்று வெட்டி அடியில் ஒட்ட வேண்டும். இரண்டு போதாது, நடுவில் ஒன்று இல்லாவிட்டால் அட்டை தொய்யும்.

அட்டையைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வெயில் எப்படிப்பட்டது என்று தெரியுமல்லவா? மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், தளம் அதைவிடக் கொதிக்கும். லேமினேஷன் போட்ட அட்டை முதல் நாளே கொப்புளம் விட்டது. தினசரி காலண்டரின் பின்னட்டையில் ஒன்று செய்தேன். ஒரு மத்தியானத்தில் இலை போலச் சுருண்டது.

காகிதத்துக்கு கிரெயின் உண்டு. மரத்துக்கு இருப்பது போலத்தான், மில்லில் கூழ் ஓடும் திசையில் நார்கள் படுத்துவிடும். ஒரு துண்டை இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் நேராகக் கிழியும், அது கிரெயின் திசை. மறுபக்கம் கோணலாகப் போகும். ஈரத்துக்கும் சூட்டுக்கும் காகிதம் நீளுவதும் சுருங்குவதும் கிரெயினுக்குக் குறுக்கே. பத்திரிகை மடிக்கும்போது மடிப்பு கிரெயினோடு போனால் கத்தி போல வரும், குறுக்கே போனால் மடிப்பில் வெடிப்பு விடும். சூரியக் கடிகாரத்தின் உயிரே அந்தச் சுவரின் மேல் விளிம்பு. அதனால் சுவரை ஒற்றை அட்டையாக வைக்காமல், கிரெயின் திசையில் இரண்டாக மடித்து, மடிப்பு மேலே வரும்படி, கீழே இரு பக்கமும் சிறு மடல் விட்டு ஒட்டினேன். மடிப்புதான் இப்போது விளிம்பு. ஜூன் மாதம் செய்தது, ஆடிக் காற்றிலும் நேராக நின்றது. அடித்தளத்துக்கு பைண்டிங்கில் நோட்டுப் புத்தகத்துக்குப் போடும் மில் போர்டு. அதன் மேல் வெள்ளைத் தாளை ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்கம் இழுக்கும். கீழேயும் ஒரு தாள் ஒட்டிவிட வேண்டும். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கூடாது.

அப்புறம் வடக்கு. செல்போன் திசைகாட்டியை மாடியில் நம்பாதீர்கள். தளத்துக்குள் கம்பி, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி. இரண்டடி நகர்ந்தால் வேறு வடக்கு காட்டும். பழைய வழிதான் சரி. ஒரு பலகையில் ஆணியைச் செங்குத்தாக அடித்து, ஆணியை மையமாக வைத்து வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மத்தியானத்துக்கு மேல் நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து, வடக்கு தெற்கு. அந்தக் குச்சிக்குச் 'சங்கு' என்று பெயர். மனை பார்க்கும் ஸ்தபதிகள் திசை பிடித்த முறை இது. தங்கை மகளுக்கு, எங்கள் பாப்பாவுக்கு, இதில்தான் அதிக ஆர்வம் வந்தது. காலை பத்து மணிக்கு வைத்த புள்ளிக்கு ஜோடிப் புள்ளி எப்போது விழும் என்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்து வைத்தபோது அது 11 நிமிடம் பின்தங்கியது. மறுநாளும் அதே 11.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 78 வயது. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வேர்க்கடலைக் கொல்லையில் ஆள் வைத்து வேலை வாங்கிய குடும்பம். ஆட்களுக்கு உச்சிக்குக் கூழ் கொண்டுபோக வேண்டும். நான் பள்ளியில் படித்த நாளில் அப்பாவின் எச்எம்டி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பன்னண்டு ஆச்சும்மா" என்பேன். அம்மா திண்ணைத் தூணைப் பார்ப்பார். "இன்னாடா பன்னண்டு? உச்சி இன்னும் ஆவல. நெழலு சாஞ்சிக்கினு கீது பாரு." கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூழ்ப்பானையைத் தூக்குவார். கடிகாரம் படிக்கத் தெரியாததால் அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். ஒருமுறை அப்படியே சொல்லியும் விட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அந்த 11 நிமிடத்துக்குக் காரணம் தேடியபோது எனக்கு அந்தத் தூண்தான் ஞாபகம் வந்தது.

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். அது 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையின் நேரம். அந்த ரேகை உத்தரப் பிரதேசம், சத்தீஸ்கர் வழியாக இறங்கி ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் கடலில் போய்விடுகிறது. வேலூர் இருப்பது 79.1-ல். வித்தியாசம் 3.4 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, டிகிரிக்கு 4 நிமிடம். சூரியன் அந்த ரேகையின் உச்சியைத் தாண்டி பதிமூன்றரை நிமிடம் கழித்துத்தான் எங்கள் ஊர் உச்சிக்கு வருகிறது. இந்த ஒரே நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1-ல். அதற்கு முன்னால் ரயில்வே அட்டவணைகள் பல வருடம் சென்னை வானாய்வகத்தின் நேரத்தில் ஓடின. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது நம் வடாற்காட்டு மண்ணில்தான், வாலாஜா ரோடு ஸ்டேஷனில். வேலூரின் சொந்த நேரம் அந்தச் சென்னை நேரத்துக்கும் நாலரை நிமிடம் பின்னால்.

பதிமூன்றரை என்பதும் எல்லா நாளும் நிலையாக இருக்காது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, ஜனவரியில் கிட்டே போய் வேகமாக ஓடுகிறது. அச்சும் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து சூரியன் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். ஒரு வருடமாகப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். வேலூரில் என் அட்டை காட்டும் மணியோடு ஏப்ரல் நடுவில் பதிமூன்றரை நிமிடம் கூட்டினால் கைக்கடிகார நேரம் வரும். மே நடுவில் 10, ஜூலைக் கடைசியில் 20, செப்டம்பர் ஆரம்பத்தில் மறுபடி பதிமூன்றரை. பிப்ரவரி நடுவில் 28 நிமிடம், வருடத்திலேயே அதுதான் அதிகம். நவம்பர் முதல் வாரத்தில் கூட்டக் கூடாது, 3 நிமிடம் கழிக்க வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் மூன்றாவது வாரம் வரை மட்டும்தான் எங்கள் ஊரில் உச்சி 12 மணிக்கு முன்னால் வரும். மீதி நாள் முழுக்க அம்மா சொன்னதுதான். எச்எம்டியும் சரியாகத்தான் ஓடியிருக்கிறது, ஆனால் அது காட்டியது ஒடுகத்தூரின் உச்சியை இல்லை.

அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். "அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு ஈர்க்கு எடுத்தா" என்றார். விளக்கமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவிக் கொடுத்தேன். தன் விரலால் பதினாறு விரற்கடை அளந்து ஒடித்தார். முற்றத்து வெயிலில் அதை 'ட' எழுத்து போல மடக்கினார், ஒரு பகுதி நின்றது, ஒரு பகுதி படுத்தது. நிற்கும் பகுதியின் நிழல், படுத்த பகுதியின் நுனியில் சரியாக முடியும்வரை மடிப்பை முன்னும் பின்னும் நகர்த்தினார். அப்புறம் நிற்கும் பகுதியை விரலால் அளந்தார். "எட்டு வரல். பொழுது கெளம்பி எட்டு நாழி." அவருக்கு அவருடைய அப்பா மாடு மேய்க்கும்போது சொல்லிக் கொடுத்ததாம். மத்தியானத்துக்கு மேல் அளந்தால் அஸ்தமனத்துக்கு இன்னும் எத்தனை நாழிகை என்று வரும்.

ஒரு நாழிகை 24 நிமிடம். எட்டு நாழிகை என்றால் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம இரவு பகல் நாளில் வேலூரில் சூரியன் உதித்து மூன்று மணி நேரம் ஆகும்போது இந்த ஈர்க்கு 7.8 விரல் காட்டும். வர வேண்டியது ஏழரை. ஏழெட்டு நிமிடப் பிசகு, அவ்வளவுதான். அதிகாலையில் இருபது நிமிடம் வரை தவறும், உச்சி நெருங்கும்போது அதைவிட அதிகமாகவும் தவறும். ஆனால் அட்டை இல்லை, அளவுகோல் இல்லை, வடக்கு தெற்கு பார்க்க வேண்டியதில்லை. எந்தக் கொல்லையிலும் ஒரு துரும்பு கிடைக்கும். நான் ஒரு மாதம் மில் போர்டும் ஃபெவிகாலுமாகப் போராடியது, அம்மா அரை நிமிடத்தில் மடக்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் திண்ணையில் நான் சொன்ன வார்த்தைக்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லை.

விரிஞ்சிபுரம் போய்வந்ததையும் எழுதிவிடுகிறேன். வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உட்சுற்றில் தென்புறம் இருக்கும் நேரம் காட்டும் கல்லை மட்டும் நின்று பார்த்ததில்லை. அரைவட்டமாகச் செதுக்கி, 6 முதல் 12 வரையும் 1 முதல் 6 வரையும் எண்கள் வெட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு பள்ளம். அதில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. பாப்பா பையில் ஈர்க்கு கொண்டு வந்திருந்தாள். அவள் வைத்தாள், நிழல் எண்ணின் மேல் போய்ப் படுத்தது. பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நின்ற ஒரு பெரியவர், "வாட்ச் கொஞ்சம் முன்ன இருக்கும்மா, கல்லுதான் கரெக்டு" என்றார். அந்தக் கல்லின் எண்கள் விசிறியாக விரிந்திருக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். செதுக்கியவருக்கு எங்கிருந்தோ இறக்கிய தாள் கிடையாது. இந்த ஊர் வெயிலில் குச்சி நட்டுப் பார்த்துத்தானே உளி வைத்திருப்பார்.

இப்போது அச்சகத்தில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பத்திரிகை அட்டையில் வெட்டுத்துண்டு பெரிதாக மிஞ்சினால் அதில் இந்தக் கோடுகளை அடித்து வைத்துவிடுகிறேன். புரூஃப் பார்க்க வரும் வீட்டில் குழந்தைகள் இருந்தால் கொடுத்தனுப்புவேன். பழைய வடாற்காடு முழுவதுக்கும் இதே 13 டிகிரி போதும். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி எல்லாம் அரை டிகிரி வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். மாறுவது நிமிடம் மட்டும். அரக்கோணத்துக்கு 11, ஆற்காட்டுக்கு பன்னிரண்டரைக்குச் சற்று மேல், குடியாத்தத்துக்கு பதினாலரை, ஆம்பூருக்கு 15, திருப்பத்தூருக்குக் கிட்டத்தட்ட 16. எந்த ஊர் என்று கேட்டு, அட்டையின் மூலையில் அந்த எண்ணைப் பேனாவால் எழுதித் தருகிறேன். ஜாதகம் கணிக்கும் ஜோசியர் பிறந்த ஊரைக் கேட்பது இதற்குத்தான் என்று ஒரு தாத்தா சொன்னார், உண்மைதான். லக்னம் கணிக்க ஊரின் உதயம் வேண்டும்.

நிழலில்லா நாளைப் பற்றியும் கேட்கிறார்கள். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு நாள், வேலூருக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். போன ஆகஸ்டில் காலையிலிருந்தே மேகம். பாப்பா போனில் அழாத குறை. அதனால் இந்த ஏப்ரலுக்காக எட்டு மாதம் காத்திருந்தோம். பழைய அட்டை மை வெளுத்துவிட்டது, புதிதாக ஒன்று செய்தேன். பக்கத்தில் ஒரு பலகையில் ஆணியும் அடித்து வைத்தேன். நிழலே இல்லாமல் போவதைச் செங்குத்தான ஆணியில்தான் பார்க்க முடியும்.

அம்மா மாடிக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முழங்கால் வலிக்கு மாடிப்படி ஆகாது. பாப்பா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற்றினோம். ஈரச் சாக்கு விரித்து அதன் மேல் நிற்க வைத்தேன். 12 மணிக்கு ஆணியின் நிழல் ஒரு விரல் நகம் அளவுக்கு மேற்கே நீட்டிக்கொண்டிருந்தது. பாப்பா செல்போனைப் பார்த்து நிமிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா செல்போன் பக்கம் திரும்பவே இல்லை, குனிந்து அட்டையையே பார்த்தார். மேற்குப் பக்கம் இருந்த நிழல் சுவரின் அடிக்குள் போய்க்கொண்டே இருந்தது. கிழக்கே இன்னும் தொடங்கவில்லை.

"தோ, இப்பதான் உச்சி" என்றார் அம்மா.

12 மணி 12 நிமிடம். ஆணிக்கு நிழல் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் காலடியில் மட்டும் ஒரு திட்டு.

"பாத்தாச்சில்ல, கீழ போலாம் வா" என்று அம்மா என் தோளைப் பிடித்தார். "சாக்கு காஞ்சிடுச்சு, காலு சுடுது."